யூசர்ஸ்பேஸை உடைக்காத கெர்னல் என் எஸ்சிஓ ஃபாக்ஸ்ப்ரோவை ஏன் ஓட்ட மறுக்கிறது?

06-09-2025

கெர்னல் என்பது லினக்ஸின் அடிமட்ட மையம், யூசர்ஸ்பேஸ் என்பது அதன்மேல் ஓடும் சாதாரணப் புரோகிராம்கள். எஸ்சிஓ இன்டெல் பெட்டிகளுக்கான ஒரு பழைய யூனிக்ஸ், ஃபாக்ஸ்ப்ரோ ஒரு டேட்டாபேஸ் புரோகிராம், வைன் விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டுவது. ஒருவர் கேட்டது அப்படியே: "லினக்ஸ் கெர்னல் யூசர்ஸ்பேஸை உடைக்காது என்று மந்திரம் மாதிரி சொல்கிறீர்கள். தொண்ணூறுகளில் எஸ்சிஓ யூனிக்ஸுக்காக வாங்கிய ஃபாக்ஸ்ப்ரோ 2.6 எங்களிடம் இருக்கிறது. அப்புறம் வந்த லினக்ஸ் பெட்டியிலும் அது ஓடியது. அதே ஃபைலை இன்றைய 64-பிட் லினக்ஸில் கொடுத்தால் எக்ஸெக் ஃபார்மட் எர்ரர். ஆனால் அதே காலத்து விண்டோஸ் 3.1 சீட்டாட்டம் வைனில் ஜோராக ஓடுகிறது. சொந்தக்கார யூனிக்ஸைத் தெருவில் விட்டுவிட்டு விண்டோஸுக்குப் பாய் விரிக்கிறார்கள். என்ன நியாயம் இது?"

07-09-2025, காலை

அந்த வாக்குறுதி லினக்ஸ் புரோகிராம்களுக்கு மட்டும். எஸ்சிஓவுக்காகக் கம்பைல் செய்தது லினக்ஸ் புரோகிராமே அல்ல, அது ஒரு காலத்தில் ஓடியதே உபரி. 2012 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டார்வால்ட்ஸ் பெரிய எழுத்தில் திட்டி எழுதினாரே, அந்த மெயிலின் பின்னணியும் இதுதான்: ஒரு மாற்றத்தால் மீடியா டிரைவர் ஐஓகண்ட்ரோலுக்கு (டிவைஸுக்குப் புரோகிராம் அனுப்பும் கட்டளை) திருப்பித் தரும் பிழை எண் மாறியது, பல்ஸ்ஆடியோ (ஒலியைக் கவனிப்பது) மாதிரியான லினக்ஸ் புரோகிராம்கள் தடுமாறின, பழி புரோகிராம்மேல் விழக்கூடாது என்றார். எஸ்சிஓ அந்தப் பேச்சிலேயே இல்லை.

இப்படிச் சொல்லி முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இது பதில் ஆகாது. விண்டோஸ் 3.1 சீட்டாட்டமும் லினக்ஸ் புரோகிராம் அல்லவே. யோசித்துவிட்டு வருகிறேன்.

07-09-2025, இரவு

அந்த உபரி எப்படி வேலை செய்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். பெயர் ஐபிசிஎஸ். இன்டெல் 386 மேல் ஓடும் யூனிக்ஸ்கள் எல்லாம் ஒரே பைனரியை (கம்பைல் ஆகி ஓடத் தயாரான ஃபைல்) ஓட்ட வேண்டும் என்று போட்ட ஒப்பந்தம் அது. லினக்ஸுக்கு அதைச் செய்த மாட்யூலை, அதாவது கெர்னலோடு ஒட்டிக்கொள்ளும் துண்டை, ஏற்றினால் எஸ்சிஓ, ஜெனிக்ஸ், சிஸ்டம் ஐந்து என்ற பழைய யூனிக்ஸ்களின் பைனரிகள் ஓடும். நான் வேலை பார்த்த ஒரு மொத்த ஜவுளி வியாபாரியிடம் எஸ்சிஓ பெட்டி ஒன்று, அதோடு சீரியல் கேபிளில் தொங்கும் வைஸ் டெர்மினல்கள். பெட்டி படுத்ததும், கணக்குப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போயிருந்ததால், லினக்ஸ் பெட்டியில் ஐபிசிஎஸ் போட்டு அதே ஃபாக்ஸ்ப்ரோவை ஏற்றினோம். டெர்மினலில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளைக்கு அடியில் ஓஎஸ் மாறியதே தெரியவில்லை. 132 எழுத்து அகலப் பிரிண்டர் கூட அதே சத்தம் போட்டது.

உள்ளே நடப்பது என்ன? லினக்ஸ் புரோகிராம் கெர்னலைக் கூப்பிட அப்போது இன்டரப்ட் 80 என்ற வழியைப் பயன்படுத்தியது. எஸ்சிஓ புரோகிராம் எல்கால் 7 என்ற கால் கேட் வழியாக வரும். மாட்யூல் அந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிற சிஸ்டம் கால் (கெர்னலிடம் புரோகிராம் கேட்கும் வேலை) எண்ணைப் பார்த்து, ஆர்க்யுமென்ட்களை (கூட வரும் விவரங்களை) லினக்ஸ் வடிவத்துக்கு மாற்றி, விடை வந்ததும் திரும்ப எஸ்சிஓ வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஃபைல் வடிவமும் வேறு, பழைய எஸ்சிஓவில் காஃப், ஜெனிக்ஸில் எக்ஸ்.அவுட். சிக்னல் எண்கள் வேறு, டெர்மினல் ஐஓகண்ட்ரோல்கள் வேறு. நெட்வொர்க்குக்கு சாக்கெட் சிஸ்டம் காலே கிடையாது, ஒரு டிவைஸ் ஃபைலைத் திறந்து அதன் வழியாகப் பேசும். ஷேர்ட் லைப்ரரியை எஸ்சிஓ பெட்டியிலிருந்தே எடுத்து வர வேண்டும், லைசென்ஸ் உங்கள் பாடு.

ஒரே ஒரு உதாரணம் போதும். பிழை எண்கள் 1 முதல் 34 வரை எல்லா யூனிக்ஸிலும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான், அது ஆதி யூனிக்ஸ் சொத்து. 35-லிருந்து ஆளுக்கொரு பக்கம். இன்டெல் லினக்ஸில் 35 என்றால் டெட்லாக் (ஒருவருக்கு ஒருவர் காத்து நின்றுவிடுவது) ஆகப்போகிறது. சிஸ்டம் ஐந்தில் 35 என்றால் நீ கேட்ட வகை மெசேஜ் இல்லை. டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா பிராசசரில் ஓடும் லினக்ஸில் 35 என்றால் இப்போது முடியாது, மறுபடி முயற்சி செய். பைல் லாக்குகளை நம்பி ஓடுகிற பலர் கை வைக்கும் கணக்குப் புரோகிராமுக்கு இந்த எண் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று ஃபாக்ஸ்ப்ரோ ஆசாமிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

08-09-2025

ஆல்ஃபாவில் மட்டும் ஏன் வேறு எண் என்று கேட்டிருக்கிறார்கள். டெக் நிறுவனத்தின் ஓஎஸ்எஃப்/1 யூனிக்ஸோடு ஒத்துப்போகத்தான். ஆல்ஃபாவுக்கு லினக்ஸைக் கொண்டுபோனபோது லினக்ஸுக்கென்று அங்கே புரோகிராம்களே இல்லை, அதனால் சிஸ்டம் கால் எண்களையே ஓஎஸ்எஃப்/1 வரிசையில் வைத்தார்கள். டிஜிட்டல் யூனிக்ஸுக்காக (ஓஎஸ்எஃப்/1-ன் பிந்தைய பெயர்) வந்த நெட்ஸ்கேப் பிரவுசரை ஆல்ஃபா லினக்ஸில் ஓட்டியவர்கள் உண்டு. ஓஎஸ்எஃப் என்ற பெயர் இன்னும் கெர்னல் சோர்ஸில் ஆல்ஃபா டைரக்டரியில் ஒரு ஃபைலின் தலையில் இருக்கிறது. புதிதாக வந்தவன் பிழைக்க ஊர்க்காரன் பேச்சைப் பேசுவது மாதிரி. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பிராசசருக்கான லினக்ஸும் அதையே செய்தது, சன்ஓஎஸ், சோலாரிஸ் பைனரிகளுக்குக் கெர்னலுக்குள்ளேயே இடம் இருந்தது. 2008-ல் அதைப் பராமரித்த டேவிட் மில்லர் அதைத் துடைத்து எடுத்தார். மிப்ஸ் பிராசசரில் ஐரிக்ஸ் யூனிக்ஸுக்கு இருந்த இடமும் போனது.

இதைக் கவனியுங்கள்: இவை வெளியே தொங்கிய மாட்யூல் அல்ல, அதிகாரபூர்வமான கெர்னலுக்குள் இருந்த விஷயங்கள். போனபோது யாரும் சட்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை. அதற்குள் அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் புரோகிராம்களே போதுமான அளவு வந்துவிட்டன.

08-09-2025, மதியம்

"அப்படியானால் விஎம்மில் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்கிறவருக்கு: விஎம் என்றால் கம்ப்யூட்டருக்குள் ஓடும் பாவனைக் கம்ப்யூட்டர். கேட்டது அது இல்லை. அதற்கும் வருவேன்.

09-09-2025

விண்டோஸ் பக்கம். இது நான் பல தடவை பலருக்குச் சொன்ன கதை, ஆனாலும் அலுக்காது.

64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராம் ஓடாது. அதை ஓட்டும் என்டிவிடிஎம் 32-பிட் விண்டோஸோடு நின்றுவிட்டது, விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. இத்தனைக்கும் 64-பிட் பிராசசரால் டாஸ் மாதிரியான ரியல் மோட் கோடைத்தான் லாங் மோடில் (64-பிட் மோட்) நேராக ஓட்ட முடியாது. விண்டோஸ் 3.1 புரோகிராம்கள் பயன்படுத்தும் 16-பிட் புரொடெக்டட் மோட் செக்மென்ட்களை (மெமரித் துண்டுகளை) அது இன்றும் ஓட்டும். லினக்ஸில் மாடிஃபை-எல்டிடி என்ற சிஸ்டம் கால் இருக்கிறது, வைன் அதைக் கூப்பிட்டு ஒரு 16-பிட் செக்மென்ட்டை அமைத்து அதற்குள் குதித்துவிடும். ஆக விண்டோஸ் 3.1 புரோகிராமை அதன் வாரிசு ஓட்ட மறுக்கும் இடத்தில் லினக்ஸ் ஓட்டுகிறது. 95 காலத்துப் புரோகிராம்களில் பல 32-பிட் ஆனாலும் அவற்றின் இன்ஸ்டாலர் மட்டும் 16-பிட். அங்கேயும் இதே கூத்து.

2014 ஏப்ரலில் இதற்கு ஒரு கண்டம் வந்தது. 16-பிட் ஸ்டாக்குக்கு (புரோகிராமின் தற்காலிக மெமரி) கெர்னல் திரும்பிப் போகும்போது பிராசசர் ஸ்டாக் பாயின்டரின் கீழ் 16 பிட்களை மட்டும்தான் சரியாகப் போடும். மேல் 16 பிட்களில் கெர்னல் ஸ்டாக் முகவரியின் துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டு வெளியே கசியும். கெர்னல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிவதே தாக்குபவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. 32-பிட் கெர்னலில் இதற்கு மருந்து இருந்தது, 64-பிட்டில் இல்லை. அதனால் 64-பிட் கெர்னலில் 16-பிட் செக்மென்ட்டே கூடாது என்று தடை போட்டார்கள்.

வைன் பயனர்கள் கத்தினார்கள். முதலில் தடையை நீக்கிக்கொள்ள ஒரு சிஸ்கண்ட்ரோல் (கெர்னல் ஓடும்போதே மாற்றும் சுவிட்ச்) வந்தது. அப்புறம் கெர்னல் 3.16 பதிப்பில் நிஜமான தீர்வு. அது ஒரு அழகான அசிங்கம்: ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு குட்டி ஸ்டாக்கை வைத்து, அதையே 64 கிலோபைட் இடைவெளியில் திரும்பத் திரும்ப மேப் செய்து (வெவ்வேறு முகவரிகளில் தெரியவைத்து), திரும்பும் நேரத்தில் பயனரின் பாயின்டரில் இருக்கும் மேல் பிட்களோடு ஒத்துப்போகும் நகலைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து வெளியேறுவது. கசிந்தாலும் கசிவது பயனருடைய சொந்த எண்தான். 1992-ன் சீட்டாட்டத்துக்காக 2014-ல் பேஜ் டேபிளோடு (மெமரி முகவரிப் பட்டியல்) இந்த விளையாட்டு.

10-09-2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "பணம் பேசுகிறது, கேம் விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன" என்கிறார். இன்றைக்கு அதில் உண்மை உண்டு, ஆனால் 16-பிட் சீட்டாட்டத்தில் யாருக்கு என்ன பணம்? எனக்குத் தோன்றும் காரணம் வேறு, கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

வைன் ஒரு லினக்ஸ் புரோகிராம். அது உட்கார்ந்திருப்பது யூசர்ஸ்பேஸில். அதனால் அந்த வாக்குறுதி அதற்கு முழுசாகப் பொருந்தும். கெர்னல் எதையாவது மாற்றி வைன் உடைந்தால் அது ரிக்ரெஷன் (ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தல்), மாற்றியவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஐபிசிஎஸ் உட்கார்ந்திருந்தது கெர்னலுக்குள், ஆனால் கெர்னல் சோர்ஸுக்கு வெளியே வளர்ந்த மாட்யூலாக. கெர்னலின் உள் ஃபங்ஷன்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, அது எழுதி வைத்த கொள்கை. ஒவ்வொரு பதிப்பிலும் உள்ளே ஏதாவது மாறும், மாட்யூலை வைத்திருப்பவர் ஓடிப்போய்த் திருத்த வேண்டும். 2.4-க்கு லினக்ஸ்-ஏபிஐ என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது, அப்புறம் ஓடிக் களைத்துவிட்டார்கள். எஸ்சிஓ கடைக்காரர்களுக்குக் கத்த ஆள் இல்லாமல் இல்லை. கத்தினாலும் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

எல்கால் 7 வாசலும் போனது, 27-ம் போனது (அது இன்டெல் சோலாரிஸுக்கு). வேற்று ஓஎஸ்களைப் பதிவு செய்துகொள்ள இருந்த எக்ஸெக் டொமைன் ஏற்பாட்டையும் 2015-ல் 4.1 பதிப்பில் பிடுங்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. ப்ராக் ஃபைல்சிஸ்டத்தில் (கெர்னல் தன் நிலையைக் காட்டும் இடம்) எக்ஸெக்டொமைன்ஸ் என்ற ஃபைலை இன்றைக்கும் திறந்து பாருங்கள். ஒரே வரி, லினக்ஸ், கெர்னல் என்று. அடியில் ஒன்றுமே இல்லை, அந்த வரியைக் கோடில் நேராக எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது அந்த ஃபைலைப் படிக்கும் புரோகிராம் வைத்திருந்தால் உடையக்கூடாதே!

12-09-2025

ஏ.அவுட் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. அது புரோகிராம் ஃபைல்களுக்கு லினக்ஸின் சொந்தப் பழைய வடிவம், இன்றைய வடிவமான எல்ஃப் வருவதற்கு முன் 1995 வரை எல்லாம் அதில்தான். "அதை எடுத்தது வாக்குறுதி மீறல் இல்லையா?" நல்ல கிடுக்கிப்பிடி.

2019-ல் அதன் கோர் டம்ப் (விழுந்த புரோகிராமின் மெமரிப் பதிவு) வேலையே செய்யவில்லை, ஒருவருமே கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் ஓய்வு கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். 2022-ல் இன்டெல் பக்கம் எடுத்தார்கள், அதே ஆண்டு 6.1-ல் மிச்சமிருந்த கோடையும். நடுவில் ஒரே ஒரு ஆசாமி வந்தார். அட்டாரி ஜாகுவார் கேம் கன்சோலுக்குப் பொழுதுபோக்காகப் புரோகிராம் எழுதுகிறவர், அதற்கான தொண்ணூறுகளின் லிங்கரும் டிபக்கரும் ஏ.அவுட் ஃபைல்கள், இன்னும் அவற்றை ஓட்டுகிறேன் என்றார். கெர்னல் டெவலப்பர் கீஸ் குக் அதற்காக ஒரு சின்ன யூசர்ஸ்பேஸ் புரோகிராமை எழுதிப் போட்டார்: அது ஒரு 32-பிட் எல்ஃப் ஃபைல், ஏ.அவுட் ஃபைலைப் படித்து மெமரியில் சரியான இடத்தில் வைத்து அதற்குள் குதித்துவிடும். சிஸ்டம் கால்கள் அதே 32-பிட் லினக்ஸ் கால்கள், அவை எங்கேயும் போகவில்லை. ஃபைலை மெமரியில் ஏற்றும் வேலையைக் கெர்னல்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

என்னைக் கேட்டால் இது மீறல் இல்லை. கெர்னலுக்குள் இருக்க வேண்டிய அளவுக்கு மதிப்பில்லாததை வெளியே தள்ளினார்கள், ஓட்ட வேண்டியவருக்கு ஓடுகிறது.

12-09-2025, நள்ளிரவு

சரி, ஆனால் எனக்கே இதில் ஒரு நெருடல். அந்த ஜாகுவார் ஆசாமிக்குக் கெர்னல் மெயில் பட்டியலில் எழுதத் தெரிந்திருந்தது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது. "யாரும் கவனிக்கவில்லை" என்பதன் பொருள், கவனித்துச் சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை என்பதுதான். பெட்டியை மேம்படுத்தாமலே பத்து வருடம் ஓட்டுகிறவர்தான் பழைய புரோகிராமை வைத்திருப்பார், அவருக்கு விஷயம் தெரியவரும்போது எடுத்துப் பல பதிப்புகள் ஆகியிருக்கும்.

14-09-2025

"ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2009-ல் நடந்ததைப் படித்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

பர்சனாலிட்டி என்று ஒரு சிஸ்டம் கால். இந்தப் புராசஸ் சிஸ்டம் ஐந்து போல நடந்துகொள்ளட்டும், இது ஜெனிக்ஸ் போல, இது சன்ஓஎஸ் போல என்று சொல்லலாம், அந்தப் பெயர்கள் எல்லாம் ஹெடர் ஃபைலில் இன்னும் இருக்கின்றன. சில குணங்கள் சாது. உதாரணமாக செலக்ட் காலில் (ஏதாவது வரும் வரை காத்திருப்பது) கொடுத்த டைம்அவுட்டை லினக்ஸ் மீதி நேரமாக மாற்றி எழுதிவிடும், மற்ற யூனிக்ஸ்கள் தொடாது, அதற்கு ஒரு கொடி (ஏற்றவோ இறக்கவோ கூடிய சுவிட்ச்). ஒரு குணம் சாது இல்லை: முகவரி பூஜ்யத்தில் ஒரு பக்கத்தை மேப் செய்து வைப்பது. பழைய சிஸ்டம் ஐந்து புரோகிராம்களில் நல் பாயின்டரை (முகவரி பூஜ்யத்தைச் சுட்டும் வெற்றுக் குறி) படித்தாலும் பூஜ்யம் கிடைக்கும், புரோகிராம் விழாது, அந்த வழக்கத்தை நம்பி எழுதியவற்றுக்கான சலுகை.

கெர்னலில் எங்காவது நல் பாயின்டர் வழியாக ஃபங்ஷனைக் கூப்பிடும் பிழை இருந்தால், முகவரி பூஜ்யத்தில் உங்கள் கோடை வைத்துவிட்டால் போதும், கெர்னல் அதிகாரத்தில் அது ஓடும். இதைத் தடுக்கத்தான் 2007-லேயே சாதாரணப் பயனர் அடி முகவரிகளை மேப் செய்ய முடியாதபடி ஒரு எல்லை வைத்தார்கள். 2009-ல் அதைச் சுற்றி வந்தார்கள்: சிஸ்டம் ஐந்து வேஷத்தைப் போட்டுக்கொண்டு, ரூட் என்ற முழு அதிகாரத்தோடு தொடங்கும் பல்ஸ்ஆடியோவை ஓட்டுவது. அந்த அதிகாரத்தில் பூஜ்யப் பக்கம் மேப் ஆகிவிடும், பிறகு அதற்குள் சொந்த மாட்யூலை ஏற்றச் சொல்வது. நிஜமான சிஸ்டம் ஐந்து புரோகிராமை லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் அனேகமாகத் தீர்ந்துபோன காலத்தில், அந்தச் சலுகைக்கு ஒரு புதுப் பயனர் கிடைத்தார், திருடன். ரூட் அதிகாரம் ஏறும்போது அந்தக் கொடியை இறக்கிவிட வேண்டும் என்பது திருத்தம்.

அந்த நேரத்தில் 16-பிட் புரோகிராம் ஓட வேண்டுமென்றால் எல்லையை 0 ஆக்குங்கள் என்று வைன் பயனர்களுக்குச் சொல்லும் குறிப்புகளும் சுற்றிக்கொண்டிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், விண்டோஸ் பக்கமும் சுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

32-பிட் சிஸ்டம் கால் வழியிலும் இதே நோய் வந்திருக்கிறது, 2007-ல் அடைத்த ஓட்டை 2010-ல் திரும்பவும் திறந்து கிடந்தது. 2024 ஜனவரியில் வந்த 6.7-லிருந்து 32-பிட் வழியையே பூட் நேரத்தில் மூடிவைக்க ஒரு வசதி உண்டு. சர்வர்களில் மூடலாம், வீட்டில் கேம் ஆடுகிறவர் மூடினால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

15-09-2025

இளைப்பாறல். 2011 ஜூலையில் 2.6.39-க்கு அடுத்ததை 3.0 என்றார்கள். உள்ளே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, எண் மட்டும். பதிப்பு 2.6 என்று தொடங்கும் என்று நம்பியிருந்த புரோகிராம்கள் விழுந்தன. அதற்கும் பர்சனாலிட்டியில் ஒரு கொடி போட்டார்கள்: அதை ஏற்றினால் 3.0 தன்னை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும், 4-க்கு மேல் என்றால் 2.6.60-லிருந்து கணக்கு. செட்ஆர்ச் கமாண்டில் இன்றும் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

2021 பிப்ரவரியில் 4.4.256 வந்தபோதும் இதே கதை. கடைசி எண்ணுக்கு 8 பிட் இடம்தான், 255-ஐத் தாண்டினால் பக்கத்து எண்ணில் ஏறும். எது உடைகிறது பார்ப்போம் என்று அந்த எண்ணை மட்டும் ஏற்றி ஒரு பதிப்பை வெளியிட்டார்கள். கம்பைல் ஆகும் கோடுக்குத் தெரியும் எண்ணை 255-லேயே நிறுத்திவிட்டார்கள்.

17-09-2025

இது என் வயிற்றெரிச்சல். ஒரு அலுவலகத்தில் பழைய சென்ட்ஓஎஸ் 6 லினக்ஸின் கன்டெய்னர் (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் தனிப் பொதி) ஒன்றைப் புது ஹோஸ்டுக்கு மாற்றினோம். உள்ளே பேஷ் ஷெல் கூடத் தொடங்கவில்லை, 139 என்ற எக்சிட் கோடோடு சாவு, லாகில் ஒரு வரி கிடையாது. கன்டெய்னர் ஆட்கள் இமேஜ் கெட்டுவிட்டது என்றார்கள், மேலே இருந்தவர்கள் ஸ்டோரேஜைப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு நாள் முழுக்க ஆளுக்காள் கை காட்டினார்கள்.

காரணம் விசிஸ்கால். 64-பிட் லினக்ஸின் ஆரம்பத்தில் நேரம் கேட்பது போன்ற சில கால்களுக்கு வேகம் வேண்டும் என்று ஒரு நிலையான முகவரியில் கெர்னல் கோட் துண்டை வைத்தார்கள். 2.14-க்கு முந்தைய ஜிலிப்சி (புரோகிராம்கள் சார்ந்திருக்கும் சி லைப்ரரி) நேராக அங்கே குதிக்கும், சென்ட்ஓஎஸ் 6-ல் இருப்பது 2.12. எல்லாப் பெட்டியிலும் ஒரே முகவரியில் ஓடக்கூடிய கோட் இருப்பது தாக்குபவனுக்கு வசதி என்பதால் 2011-லிருந்து அங்கே குதித்தால் கெர்னல் பிடித்துப் பாவனை செய்யும்படி மாற்றினார்கள், பழையவை ஓடின. ஆனால் அதை முழுக்க மூடிவைக்கும் கான்ஃபிக் தேர்வும் உண்டு, சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸைக் கட்டி வெளியிடுபவை) மூடி அனுப்புகின்றன. பூட் வரியில் விசிஸ்கால் ஈக்வல் எமுலேட் என்று போட்டதும் கன்டெய்னர் எழுந்து உட்கார்ந்தது.

கெர்னல் வாக்கு தவறவில்லை. கெர்னலைக் கட்டி அனுப்பியவர் ஒரு சுவிட்சை அணைத்தார். என் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

18-09-2025

பிஎஸ்டி (லினக்ஸ் அல்லாத இன்னொரு யூனிக்ஸ் குடும்பம்) பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஃப்ரீபிஎஸ்டியில் லினக்ஸ் பைனரிகளை ஓட்டும் லினக்ஸுலேட்டர் கெர்னல் சோர்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் பிழைத்திருக்கிறது. நான் எந்த லினக்ஸ் பதிப்பு என்று பொய் சொல்ல வேண்டும் என்பதைக்கூட சிஸ்கண்ட்ரோலில் வைக்கலாம். அவர்களிடமும் ஐபிசிஎஸ், சிஸ்டம் ஐந்து அடுக்குகள் இருந்தன, எடுத்துவிட்டார்கள். நெட்பிஎஸ்டியில் 0.9 காலத்துப் பைனரிக்கும் கெர்னல் ஆப்ஷன் உண்டு, அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு. ஓபன்பிஎஸ்டி நேர் எதிர்: 2014-ல் நேர எண்ணை 64-பிட் ஆக்கியபோது பழைய பைனரி எல்லாம் செல்லாது, திரும்பக் கம்பைல் செய் என்றார்கள். 2016-ல் 6.0-ல் லினக்ஸ் அடுக்கையும் தூக்கி எறிந்தார்கள்.

மைக்ரோசாஃப்ட்டும் 2016-ல் லினக்ஸ் கால்களை விண்டோஸின் என்டி கெர்னலுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தது. 2019-ல் அடுத்த பதிப்புக்கு நிஜ லினக்ஸ் கெர்னலையே விஎம்மில் வைத்தது. அத்தனை பெரிய கம்பெனிக்கே மூச்சு வாங்கியது என்றால் ஐபிசிஎஸ் எழுதிய கைவிரல் எண்ணிக்கை ஆட்களை நினைத்துப் பாருங்கள்.

20-09-2025

10-ம் தேதி எழுதியதற்கு ஒரு மறுப்பு வந்திருக்கிறது, அது நியாயமானது. "வைன் வெளியே இருப்பதால் பிழைத்தது என்றால், விண்டோஸ் வேலைகளைக் கெர்னலுக்குள் ஏன் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்?"

சேர்க்கிறார்கள்தான். ஆனால் என்ன அளவில் என்று பாருங்கள். 2021-ல் 5.11-ல் வந்த சிஸ்கால் யூசர் டிஸ்பேட்ச்: சில விண்டோஸ் கேம்கள் திருட்டு நகல் தடுப்பு மாதிரியான காப்பு வேலைக்காக விண்டோஸ் லைப்ரரியைத் தாண்டி நேராகச் சிஸ்டம் கால் போடும், லினக்ஸ் அதைத் தன் கால் என்று நினைத்து எதையோ செய்துவைக்கும். இப்போது இந்த முகவரி எல்லைக்கு வெளியிலிருந்து வரும் கால்களை எனக்கு சிக்னலாகத் தள்ளு என்று புரோகிராம் கேட்கலாம். அவ்வளவுதான், கெர்னலுக்கு விண்டோஸ் என்ற பெயரே தெரிய வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் 6.14-ல் வந்த என்டிசிங்க் ஒரு படி மேலே: பல பொருள்களுக்கு ஒரே நேரத்தில் காத்திருக்கும் விண்டோஸ் முறையை வெளியிலிருந்து வேகமாகவும் சரியாகவும் பாவனை செய்ய முடியவில்லை என்று காட்டிய பிறகு, ஒரு டிவைஸ் ஃபைலாகச் சேர்த்தார்கள். அதன் பெயரிலேயே என்டி இருக்கிறது, அதில் உங்கள் கட்சி. மியூடெக்ஸ், செமஃபோர், ஈவென்ட் என்ற காத்திருப்புப் பொருள்கள், அதோடு சரி. ஐபிசிஎஸ் கேட்டது ஒரு முழு ஓஎஸ்ஸுக்கான இடம்.

22-09-2025

2038 பற்றி ஒருவர் பயமுறுத்துகிறார். நொடிகளை எண்ணும் 32-பிட் நேர எண் 2038 ஜனவரி 19-ல் நிரம்பும். கெர்னல் 2020-ல் 5.6-லேயே 32-பிட் பெட்டிகளுக்கும் 64-பிட் நேரக் கால்களைக் கொடுத்துவிட்டது. டெபியன் டிஸ்ட்ரோ 2025 ஆகஸ்டில் வந்த ட்ரிக்ஸி பதிப்பில் 32-பிட் ஆர்ம் பிராசசர் பக்கம் முழுவதையும் மாற்றியது, இன்டெல் 32-பிட்டை மட்டும் வேண்டுமென்றே பழைய எண்ணிலேயே விட்டது. அந்த ஆர்கிடெக்சர் இனி இருப்பதே பழைய பைனரிகளை ஓட்டத்தான், நேர எண்ணை மாற்றினால் அவைதான் முதலில் உடையும். அதாவது பழையதைக் காப்பாற்ற அதன் சாவுத் தேதியையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறார்கள். இதை விடச் சரியான முடிவு எனக்கும் தோன்றவில்லை.

25-09-2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "கதை எல்லாம் சரி, நான் என்ன செய்ய?" என்கிறார்.

முதலில் ஃபைல் கமாண்டைக் கொடுத்து அது காஃபா, எக்ஸ்.அவுட்டா, எல்ஃப்பா என்று பாருங்கள். ஐபிசிஎஸ்-யுஎஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது, அந்தப் பழைய மாட்யூல் செய்ததைக் கெர்னலைத் தொடாமல் 64-பிட் லினக்ஸில் யூசர்ஸ்பேஸிலேயே செய்வது. அதாவது வைன் வழிக்கு ஐபிசிஎஸ்ஸும் கடைசியில் வந்துவிட்டது, இருபது வருடம் தாமதம். உங்கள் ஃபைல் ஷேர்ட் லைப்ரரி கேட்டால் எஸ்சிஓவின் ஷ்லிப் டைரக்டரி வேண்டும், பழைய டிஸ்கை யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது பிடி கொடுக்கவில்லை என்றால் விஎம். எஸ்சிஓ ஓபன்சர்வர் 5 க்யூஎமு என்ற விஎம் புரோகிராமில் ஓடும், டிஸ்கை ஐடிஇ ஆக வையுங்கள், நெட்வொர்க் கார்டு ஏஎம்டி பிசிநெட் என்று கொடுங்கள், லைசென்ஸ் எண்ணும் ஆக்டிவேஷன் கோடும் எழுதிய காகிதம் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது பழைய கணக்கைப் பார்ப்பது மட்டும்தான் என்றால் இரண்டுமே வேண்டாம். டிபிஎஃப் ஃபைல்களை (ஃபாக்ஸ்ப்ரோவின் டேட்டா) லிப்ரே ஆஃபிஸ் கால்க் நேராகத் திறக்கும். பிஆர்ஜி சோர்ஸ் இருந்தால் ஹார்பர் கம்பைலரில் கம்பைல் செய்து பாருங்கள், கிளிப்பர் (ஃபாக்ஸ்ப்ரோ மாதிரி இன்னொரு மொழி) வாடையில்தான் எதிர்பார்க்கும், ஃபாக்ஸ்ப்ரோவுக்கே உரிய சில கமாண்டுகளைக் கையால் மாற்ற வேண்டி வரும். சோர்ஸ் இல்லாமல் கம்பைல் ஆன எஃப்எக்ஸ்பி ஃபைல் மட்டும் இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.